எண் யாருடையது?

ஒருவர் இன்னார் என்று அறிவதற்கு ஒவ்வொரு காலத்திலும் ஓர் அடையாளம் இருந்து வந்திருக்கிறது. ஊருக்குள் முகமே அடையாளம். ஊர் கடந்து சென்றால், தெரிந்தவர் எழுதிக் கொடுத்த கடிதம் அடையாளம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் பெருவிரல் ரேகை, வங்கியில் கையெழுத்து. இன்றோ, கைப்பேசியில் வந்து விழும் ஆறு இலக்கங்கள், ‘இவர்தாம் அவர்’ என்று நமக்காகச் சாட்சி சொல்கின்றன. அந்த இலக்கங்களைத்தாம் படித்தவரும் படியாதவரும் ஒருங்கே ‘ஓ.டி.பி.’ என்கின்றனர். ஒரே ஒரு முறை பயன்பட்டு மடியும் கடவுச்சொல் என்பது அதன் பொருள். இக்கட்டுரையில் அதனைக் குறியெண் என்று சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன்.

நான் அறிவியல் பயில்பவன் என்பதாலோ என்னவோ, நம் மன்றத்து நண்பர்களும், நான் குடியிருக்கும் ஹெப்பகோடித் தெருவினரும் அண்மைக் காலமாக என்னிடம் ஒரு கேள்வியைக் கேட்டு வருகின்றனர். “சிம் அட்டையே இல்லாமல் இணையத்தில் தொலைபேசி எண் கிடைக்கிறதாமே! அந்த எண்ணைக் கொடுத்துக் குறியெண் பெறலாமா?” மேற்படிப்புக்கு வெளிநாடு செல்ல இருப்போர் கேட்கின்றனர். சொந்த எண்ணைக் கண்ட இடமெல்லாம் கொடுக்க விரும்பாதோர் கேட்கின்றனர். மாதந்தோறும் ரீசார்ஜ் செய்யும் செலவைக் குறைக்க எண்ணுவோரும் கேட்கின்றனர்.

சில இடங்களில் பெறலாம். பல இடங்களில் வாராது. வேறு சில இடங்களில் வந்தாலும் பெறுதல் ஆகாது. இதுவே என் விடை. விடை சிறிது, காரணம் பெரிது. காரணத்தை அறிந்தவரே எந்த இடத்தில் எந்த எண்ணைக் கொடுக்கலாம் என்று தாமே முடிவு செய்ய முடியும். ஆகவே காரணத்தைக் காண்போம்.

குறுஞ்செய்தி பிறந்த கதை

1992 ஆம் ஆண்டு டிசம்பர் 3 ஆம் நாள். இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்னும் இளம் பொறியாளர் தம் கணிப்பொறியிலிருந்து, வோடபோன் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்டு ஜார்விஸ் என்பவரின் கைப்பேசிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து ஒன்றை அனுப்பினார். உலகின் முதற் குறுஞ்செய்தி அதுவே.

தொலைபேசிப் பின்னலில் நம் குரல் செல்லும் பாதை ஒன்று. நிலையங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பாதை மற்றொன்று. ‘இந்த எண்ணுக்கு அழைப்பு வருகிறது, மணியை ஒலிக்கச் செய்’, ‘பேச்சு முடிந்தது, இணைப்பைத் துண்டி’ என்பன போன்ற கட்டளைகள் இந்த இரண்டாம் பாதையில் செல்லும். அப்பாதையில் மிஞ்சிக் கிடந்த இடத்தில் சிறு செய்திகளை ஏற்றி அனுப்பலாம் என்று கண்டனர். இடம் சிறிது, ஒரு செய்திக்கு 140 பைட், அதாவது 1120 பிட் மட்டுமே. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதுமாதலால் 160 எழுத்துக்கள் அடங்கும். தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் வேண்டும். எனவே 70 குறிகளே அடங்கும். அதிலும் ‘கு’ என்னும் ஓர் எழுத்து இரண்டு குறிகளாகக் கணக்கிடப்படும். நம் வாழ்த்துச் செய்திகள் இரண்டு மூன்றாகத் துண்டுபடுவதன் காரணம் இதுதான்.

இங்குக் கருத்தில் இருத்த வேண்டியது ஒன்றுண்டு. குறுஞ்செய்தி, பணப்பெட்டியின் சாவியை அனுப்புவதற்காக வகுக்கப்பட்டதன்று. வாழ்த்தும் நலமும் சொல்லிக்கொள்ளப் பிறந்த வண்டியில் பின்னர்தான் சாவிக் கொத்தை ஏற்றினோம். நம் நாட்டில் ரிசர்வ் வங்கி, இணையத்தில் அட்டை வழியே பணம் செலுத்துவோர்க்கு அட்டையில் அச்சிட்ட எண்கள் மட்டும் போதா, இரண்டாவது சான்று ஒன்றும் வேண்டும் என்று விதித்து, அதனை 2009 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. அந்த இரண்டாவது சான்றாகக் காலப்போக்கில் பெரிதும் நிலைத்தது குறுஞ்செய்தியில் வரும் குறியெண்ணே. கைப்பேசி இல்லாத வீடு இல்லை என்ற நிலை வந்துவிட்டபோது, அதைவிட எளிய வழி வேறு தோன்றவில்லை போலும்!

சிம் என்னும் சாட்சி

குறியெண் எதனை மெய்ப்பிக்கிறது? ‘இந்த எண்ணுக்கு உரிய சிம் அட்டை இப்போது இவர் கையில் இருக்கிறது’ என்பதை மெய்ப்பிப்பதாகவே வங்கி கருதுகிறது. அக்கருத்து எவ்வளவு தூரம் சரி என்பதை அறியச் சிம் அட்டையின் உள்ளே சற்றுப் பார்க்க வேண்டும்.

விரல் நகம் அளவேயுள்ள அந்த அட்டையில் ஒரு சிறு கணிப்பொறி இருக்கிறது. அதனுள் 128 பிட் நீளமுள்ள இரகசிய எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. பத்தின் அடுக்கில் எழுதினால் அஃது 39 இலக்கம் வரை நீளும். அதே எண் தொலைபேசி நிறுவனத்தின் காப்பகத்திலும் இருக்கிறது. வேறெங்கும் இல்லை, நம் கைப்பேசிக்குக்கூட அது தெரியாது.

கைப்பேசி கோபுரத்தோடு தொடர்பு கொள்ளும்போது, நிறுவனம் ஏதேனும் ஓர் எண்ணை வினாவாக அனுப்பும். சிம் அந்த வினாவையும் தன் இரகசிய எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். நிறுவனமும் அதே கணக்கைத் தானும் செய்து பார்க்கும். இரண்டு விடையும் ஒத்தால் ‘இது நம் சிம்தான்’ என்று ஏற்கும். இரகசிய எண் ஒருபோதும் காற்றில் பயணம் செய்வதில்லை என்பது இம்முறையின் சிறப்பு. வினா மாறிக்கொண்டே இருப்பதால், ஒருமுறை ஒட்டுக் கேட்டவன் மறுமுறை அதே விடையைச் சொல்லி ஏமாற்றவும் முடியாது.

இவ்வாறு ஏற்கப்பட்ட சிம் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை நிறுவனம் ஒரு பதிவேட்டில் குறித்து வைக்கிறது. வங்கி அனுப்பும் செய்தி முதலில் நிறுவனத்தின் குறுஞ்செய்தி நிலையத்திற்குச் செல்லும். அந்நிலையம் பதிவேட்டைப் பார்த்து, ‘இந்த எண்ணுக்கு உரியவர் இப்போது ஹெப்பகோடிப் பக்கம் இருக்கிறார்’ என்று அறிந்து, அப்பகுதிக் கோபுரத்தின் வழியே நம் கைக்கு அனுப்பும். அஞ்சல்காரர் வீட்டு வாயிலில் நின்று, ஆளைப் பார்த்துப் பதிவுத் தபால் கொடுப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

இணைய எண் யாது?

இணைய எண்ணுக்குச் சிம் இல்லை, கோபுரம் இல்லை. ஒரு நிறுவனம் தொலைபேசி எண்களை மொத்தமாகப் பெற்றுத் தன் கணிப்பொறியில் பதிவு செய்து வைத்திருக்கும். அவற்றுள் ஒன்றை நமக்கு ஒதுக்கும். அந்த எண்ணுக்கு வரும் பேச்சும் செய்தியும் நிறுவனத்தின் கணிப்பொறிக்கே முதலில் வந்து சேரும். அங்கிருந்து இணையத்தின் வழியே நம் செயலிக்கு வரும். செயலியைத் திறப்பது சிம்மின் இரகசிய எண் அன்று; நாம் இட்ட கடவுச்சொல்.

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர், நிலையான வீடு அமையும் வரை, ‘மே/பா’ என்று எழுதித் தெரிந்த கடைக்காரர் ஒருவரின் முகவரிக்குக் கடிதம் வரவழைப்பதுண்டு. இணைய எண் அத்தகைய மேற்பார்வை முகவரியே. கடிதம் வரும், ஐயமில்லை. ஆனால் அது கடைக்குத்தான் வரும். கடைக்காரர் நல்லவராக இருக்க வேண்டும். கடை திறந்திருக்க வேண்டும். நம் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொருவர் வந்தால் கொடாதிருக்க வேண்டும்.

இத்தகைய எண் இழிவானது என்று நான் சொல்லவில்லை. அதற்குரிய பயன்கள் பல. அமெரிக்காவில் 2009 இல் தொடங்கப்பட்ட கூகிள் வாய்ஸ், அந்நாட்டில் இருப்போர்க்கு ஓர் எண்ணை அளித்து, அதற்கு வரும் அழைப்பைப் பல கருவிகளில் பெற வழி செய்தது. நம் பெங்களூரிலேயே 2011 இல் தோன்றிய எக்சோடெல் நிறுவனம், வணிகர்களுக்குச் சிம் இல்லாத எண்களை அளித்து வருகிறது. ‘வண்டியோட்டி அழைக்கிறார்’ என்று நாம் எடுக்கும் அழைப்புக்களில் அவர் எண் நமக்கும், நம் எண் அவருக்கும் தெரியாமல் மறைக்கப்படுவது இவ்வகை எண்களால்தான். இந்திய அரசு 2002 ஏப்ரல் முதல் இணையத் தொலைபேசியைக் கட்டுப்பாடுகளோடு அனுமதித்தது. 2018 ஜூன் மாதத்தில் அக்கட்டுப்பாடுகளைத் தளர்த்தி விளக்கம் அளித்தது. அடுத்த மாதமே பி.எஸ்.என்.எல். நிறுவனம் ‘விங்ஸ்’ என்னும் செயலிவழித் தொலைபேசிச் சேவையை அறிவித்தது.

ஒரு குழப்பத்தை இங்கே நீக்கிவிட வேண்டும். வீட்டின் வைஃபை வழியே கைப்பேசியில் பேசும் வசதியை ஏர்டெல் 2019 டிசம்பரிலும், ஜியோ 2020 ஜனவரியிலும் கொணர்ந்தன. ‘இதுவும் இணைய எண்தானே?’ என்று சிலர் எண்ணுகின்றனர். அன்று. பாதை மட்டுமே இணையம். ஆளை மெய்ப்பிப்பது அங்கும் சிம்மே. சாலை எதுவாயினும் கையெழுத்திட்டுத் தபாலை வாங்குபவர் வீட்டுக்காரரே என்பது போல.

ஏன் வாராது?

இணைய எண்ணைக் கொடுத்துவிட்டுக் குறியெண்ணுக்காகக் காத்திருப்போர் பலர் ஏமாறுகின்றனர். கோளாறு கருவியில் இல்லை. பெரும்பாலும் அது வேண்டுமென்றே வைக்கப்பட்ட தடை.

நாம் எண்ணைத் தட்டியவுடன், அதைப் பெற்ற நிறுவனம், ‘இந்த எண் எந்தத் தொலைபேசி நிறுவனத்திற்கு ஒதுக்கப்பட்டது? கைப்பேசியா, வீட்டுத் தொலைபேசியா, இணைய எண்ணா?’ என்று ஒரு பதிவேட்டில் கேட்டறிய முடியும். அமெரிக்க எண்களை வெறுங்கண்ணால் பார்த்து வகை பிரித்தல் இயலாது. மூன்றும் ஒரே தோற்றம் உடையன. பதிவேடு காட்டிக் கொடுத்துவிடும். இணைய எண் என்று தெரிந்தால், செய்தி அனுப்பாமலே விட்டுவிடுவோர் உண்டு. அந்நாட்டு வங்கிகள் ஐந்தாறு இலக்கக் குற்றெண்களிலிருந்து செய்தி அனுப்புவது வழக்கம். அக்குற்றெண்களின் செய்தி பல இணைய எண்களைச் சென்றடைவதில்லை.

இதற்கு அறிவியல் சார்ந்த ஆதரவும் உண்டு. அமெரிக்க அரசின் தரநிருணய நிறுவனமாகிய நிஸ்ட், 2017 ஜூன் மாதத்தில் வெளியிட்ட அடையாள நெறிமுறையில், குறிப்பிட்ட ஒரு கருவி கையில் இருப்பதை மெய்ப்பிக்க முடியாத வழிகளை, அதாவது இணையத் தொலைபேசியையும் மின்னஞ்சலையும், இத்தகைய சரிபார்ப்புக்குப் பயன்படுத்தலாகாது என்று விதித்தது. காரணம் தெளிவு. கடவுச்சொல் ‘நாம் அறிந்தது’. சிம் ‘நாம் வைத்திருப்பது’. இரண்டு வேறு வகைச் சான்றுகள் வேண்டும் என்பதே நோக்கம். இணைய எண்ணைத் திறப்பதும் கடவுச்சொல்லே என்றால், ஒரே வகைச் சான்றை இருமுறை கேட்டதாகத்தானே ஆகும்? கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, இரண்டுக்கும் ஒரே சாவியைச் செய்து கொண்டது போன்றது அது.

யூ.பி.ஐ. செயலிகள் இதனினும் ஒரு படி மேலே சென்றன. அவை நமக்குச் செய்தி அனுப்புவதோடு நிற்பதில்லை. நம் கைப்பேசியிலிருந்து நம்மையே ஒரு செய்தி அனுப்பச் செய்கின்றன. எந்தச் சிம்மிலிருந்து செய்தி புறப்பட்டதோ, அந்த எண்ணே வங்கிக் கணக்கோடு பொருத்திப் பார்க்கப்படும். எவரோ பெற்றுச் சொன்ன இலக்கங்களைத் தட்டி இங்கே நுழைய முடியாது. 2025 நவம்பர் 28 இல் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, வாட்ஸ்அப், டெலிகிராம் போன்ற செயலிகளும் பதிவு செய்த சிம் கருவியில் இருக்கும்போது மட்டுமே இயங்க வேண்டும் என்று ஆணையிட்டு, அதற்கு 90 நாள் தவணை கொடுத்தது. காற்று எத்திசையில் வீசுகிறது என்பதை இவ்வாணை காட்டுகிறது.

தடை எண்ணிடத்தில் இல்லாமல் அனுப்புவோரிடத்தில் நேர்வதும் உண்டு. நம் நாட்டில் நிறுவனங்கள் தம் பெயர்த் தலைப்பையும், செய்தியின் வாசக அமைப்பையும் முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும். பதிவோடு ஒவ்வாத செய்தியைத் தடுக்கும் முறையை 2021 மார்ச் 8 இல் ஒரே நாளில் நடைமுறைப்படுத்தியபோது, வங்கி, ஆதார் முதலியவற்றின் குறியெண்கள் நாடெங்கும் வாராமல் நின்றன. மறுநாளே டிராய் அமைப்பு அதனை ஒரு வாரம் நிறுத்தி வைத்தது. ஆறு இலக்கம் வாராவிட்டால் நாட்டின் வாணிகம் எவ்வளவு தடுமாறும் என்பதை அன்று கண்டோம்.

இரவல் எண்ணின் இடர்

இணையத்தில் ‘இலவசமாகக் குறியெண் பெறுக’ என்று பத்து இருபது எண்களைப் பலகையில் எழுதி வைத்தாற்போல் காட்டும் இடங்கள் இருக்கின்றன. அந்த எண்களுக்கு வரும் செய்திகள் எல்லார் கண்ணுக்கும் தெரியும். நமக்கு வரும் குறியெண்ணை நாம் படிப்பது போலவே எவரும் படிக்கலாம். இன்று நாம் அங்கே பெற்ற எண்ணால் ஒரு கணக்கைத் தொடங்கினால், நாளை வேறொருவர் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று அழுத்தி, அதே எண்ணுக்குக் குறியெண் வரவழைத்து, நம் கணக்கை நம்மிடமிருந்து பறித்துக்கொள்ளலாம். இதற்குக் களவுத் திறமை எதுவும் வேண்டா. கண் இருந்தால் போதும்.

காசு கொடுத்து வாடகைக்குப் பெறும் எண்ணாயினும் ஓர் ஐயம் நிற்கிறது. அது யாருடைய எண்? டிரெண்ட் மைக்ரோ என்னும் கணிப்பொறிப் பாதுகாப்பு நிறுவனத்தார் 2022 இல் வெளியிட்ட ஆய்வில், குறியெண் விற்கும் ஒரு வாணிகத்தின் பின்னே, நச்சு நிரல் புகுந்த கைப்பேசிகள் இருப்பதைக் கண்டுரைத்தனர். எவரோ ஒருவர் வாங்கிய மலிவுக் கைப்பேசிக்கு வரும் செய்தி, அவர் அறியாமலே களவாடப்பட்டு, வாடகைக்காரரிடம் விற்கப்படுகிறது. நாம் கொடுக்கும் காசு அந்தக் களவுக்குக் கூலியாகிறது.

பெங்களூரும் இவ்வகை வாணிகத்தைக் கண்ட ஊர்தான். 2021 ஜூன் மாதத்தில் இராணுவ உளவுப் பிரிவும் நகரக் காவல்துறையும் சேர்ந்து, இந்நகரில் மறைவாக நடந்த தொலைபேசி நிலையங்களைக் கண்டுபிடித்தன. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரும் அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றிக் காட்டும் 32 சிம் பெட்டிகள் அங்கே கிடைத்தன. ஒரே நேரத்தில் 960 சிம்களை அவை இயக்க வல்லன. ஒவ்வொரு சிம்மும் யாரோ ஒருவர் பெயரில் வாங்கப்படுவது என்பதை எண்ணிப் பாருங்கள்! 2023 ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் பெறுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் 50 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க இடமளிக்கிறது.

ஹெப்பகோடியில் நான் காண்பது

இவையெல்லாம் பட்டணத்துப் படிப்பாளிகளின் கவலை என்று கருதிவிடலாகாது. ஓசூர்ச் சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திரத் தொழிற்பேட்டைக்கும் நடுவே இருக்கிறது ஹெப்பகோடி. 2025 ஆகஸ்ட் 10 இல் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடமும் திறக்கப்பட்டு, இங்கு ஒரு நிலையமும் அமைந்துவிட்டது. மருந்துத் தொழிற்சாலையும், கார்மெண்ட்ஸும், பொறிப் பட்டறைகளும் சூழ்ந்த ஊர். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை என்று நம் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர் தெருத்தோறும் இருக்கின்றனர். வடநாட்டுத் தோழர்களும் இருக்கின்றனர்.

சாலையோரக் குடை நிழலில் சிம் விற்பவர் ஒரு சலுகை சொன்னால், பழைய எண்ணைக் கைவிட்டுப் புதிய எண்ணை வாங்குவது இங்கு இயல்பு. ஊரை விட்டு வந்தபோது ஊர் எண்ணையும் விட்டவர் பலர். விட்ட எண் சும்மா கிடப்பதில்லை. அணைக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்கு வழங்கலாம் என்பது விதி. ஆக, ஒருவரின் ஆதாரோடும் வங்கிக் கணக்கோடும் பிணைந்த எண், அவர் அறியாமலே அயலார் ஒருவரின் கைக்குப் போய்விடுகிறது.

எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் அக்காள் ஒருவர், வேலையை விட்டு ஊர் திரும்ப எண்ணித் தம் பி.எஃப். பணத்தைக் கேட்டு விண்ணப்பிக்கச் சென்றார். ஆதாரோடு இணைந்த எண்ணுக்குக் குறியெண் அனுப்பியதாகக் கணிப்பொறி கூறியது. அந்த எண்ணை அவர் விட்டு இரண்டாண்டுகள் ஆகின்றன. “தம்பி, இணையத்துல நம்பர் வாங்கித் தர்றாங்களாமே, அதுல இந்த நம்பரை வரவெச்சுக்க முடியாதா?” என்று என்னிடம் கேட்டார். முடியாது. இணையத்தில் கிடைப்பது புதிய எண்; குறியெண் போவது பழைய எண்ணுக்கு. ‘முடியும்’ என்று சொல்லி இருநூறு ரூபாய் கேட்ட ஒருவர் இருந்தார் என்பதையும் பின்னர் அறிந்தேன்.

பி.எஃப். பணம் இவ்வூர்த் தொழிலாளர்க்கு எத்தகையது என்பதை நாடு ஒருமுறை கண்டிருக்கிறது. அப்பணத்தை எடுப்பதற்குப் புதிய கட்டுப்பாடு வந்தபோது, 2016 ஏப்ரல் 18, 19 ஆகிய நாட்களில் பெங்களூர்க் கார்மெண்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓசூர்ச் சாலையில் இறங்கினர். ஹெப்பகோடிக் காவல் நிலையத்தில் நின்ற வண்டிகள் தீக்கிரையாயின. ஏப்ரல் 19 அன்றே மத்திய அரசு அக்கட்டுப்பாட்டைத் திரும்பப் பெற்றது. சட்டத்தின் கதவு அன்று திறந்தது. ஆனால் கைவிட்ட ஓர் எண் இன்று அதே கதவைப் பூட்டிவிடுகிறது.

பூட்டைத் திறக்க நேரான வழி உண்டு. ஆதார் மையத்திற்கு நேரில் சென்று, விரல் ரேகை பதித்து, இப்போது கையில் உள்ள எண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு வேறு சான்றுப் பத்திரம் வேண்டியதில்லை. 2021 ஜூலை முதல் அஞ்சல்காரர் வழியாகவும் எண்ணை மாற்றும் ஏற்பாடு இந்திய அஞ்சல் பேமெண்ட்ஸ் வங்கியால் செய்யப்பட்டிருக்கிறது. அக்காளுக்கு நான் சொன்ன யோசனை இதுவே, அவ்வாறே செய்தார். மூன்று முறை நடக்க வேண்டியிருந்தது என்றாலும், இருநூறு ரூபாயும் மிஞ்சியது, பணமும் வந்தது.

சிம் இருந்தால் மட்டும் போதுமா?

சிம்மைப் புகழ்ந்தேன் என்பதால் அது குறையற்றது என்று கொள்ளற்க. நிலையங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பாதையை முன்பு குறிப்பிட்டேன். அதற்கு எஸ்.எஸ். 7 என்று பெயர். 1970 களில் வகுக்கப்பட்டது. ஒரு நிலையம் சொல்வதை மற்றொன்று ஐயுறாமல் நம்பும் காலத்தில் பிறந்தது அது. 2017 ஜனவரியில் ஜெர்மனியில் கள்வர், ‘இந்த எண்ணுக்கு உரியவர் இப்போது எங்கள் பகுதியில் இருக்கிறார்’ என்று அப்பாதையில் பொய் சொல்லி, குறியெண்களைத் தம்மிடம் திருப்பி, பிறர் வங்கிக் கணக்கைச் சுரண்டினர். நம் நாட்டிலோ, ‘என் சிம் தொலைந்துவிட்டது’ என்று கள்ள ஆவணம் காட்டிப் பிறர் எண்ணுக்கு மாற்றுச் சிம் பெறும் மோசடி நடக்கிறது.

ஆகவே குறுஞ்செய்தியையே நம்பாத வழி மேலானது. நேரத்தை வைத்துக் குறியெண்ணைத் தானே ஆக்கும் செயலிகள் இருக்கின்றன. 2011 இல் அதற்கு உலகப் பொது நெறி வகுக்கப்பட்டது. கணக்குத் தொடங்கும்போதே ஓர் இரகசிய எண் நம் கைப்பேசியிலும் நிறுவனத்திலும் வைக்கப்படும். அந்த எண்ணையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து இருவரும் தனித்தனியே கணக்கிடுவர். 30 விநாடிக்கு ஒருமுறை புதிய ஆறு இலக்கம் வரும். செய்தி எதுவும் பயணம் செய்வதில்லை. ஆதலால் வழியில் பறிப்பாரும் இல்லை. சிக்னல் இல்லாத மலையூரிலும், அயல்நாட்டு விடுதியிலும் அது வேலை செய்யும். கைரேகையால் திறக்கும் ‘பாஸ்கீ’ என்னும் முறை அதனினும் வலியது. ரிசர்வ் வங்கியும் 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறையில், குறுஞ்செய்தி தவிர்ந்த பிற சான்று முறைகளுக்கும் வழி திறந்து, 2026 ஏப்ரல் 1 ஐ நடைமுறை நாளாக வகுத்தது.

செய்யத்தக்கவை

இதுவரை கூறியவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க நெறிகள் சில.

முதலாவது, வங்கி, ஆதார், பி.எஃப்., உதவித்தொகை, பல்கலைக்கழகச் சான்றிதழ், தலைமை மின்னஞ்சல் ஆகிய இவற்றுக்கு நம் பெயரில் உள்ள சிம் எண்ணையே கொடுக்க வேண்டும். அண்ணன் பெயரில், நண்பர் பெயரில், பழைய முதலாளி பெயரில் உள்ள சிம்மும் ஒரு வகையில் இரவலே.

இரண்டாவது, அழைப்புக்கும், விளம்பரத்திற்கும், பழைய பொருள் விற்பதற்கும் இணைய எண்ணைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். சொந்த எண்ணை மறைக்க அது நல்ல திரை. அதனால் தொடங்கும் கணக்கு நாளை போய்விட்டாலும் வருந்தமாட்டோம் என்றால் குற்றமில்லை. எல்லாரும் படிக்கும் இலவச எண்ணை மட்டும் எதற்கும் தொடவே கூடாது.

மூன்றாவது, வெளிநாடு செல்வோர் இந்திய எண்ணை விட்டுவிட்டு இணைய எண்ணை நம்பிப் போதல் ஆகாது. குறைந்த கட்டணத்தில் எண்ணை உயிரோடு வைத்து, புறப்படும் முன்னரே ரோமிங் வசதியைத் திறந்துகொள்ள வேண்டும். அங்கேயே தங்குவோர்க்கு, சிங்கப்பூர், அமெரிக்கா, இங்கிலாந்து முதலிய பத்து நாட்டுக் கைப்பேசி எண்களோடு என்.ஆர்.ஐ. கணக்கில் யூ.பி.ஐ. பயன்படுத்த 2023 ஜனவரியில் வழி திறக்கப்பட்டது.

நான்காவது, சஞ்சார் சாத்தி என்னும் அரசுத் தளத்தில் நம் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்று பார்க்கலாம். நாம் வாங்காத எண் அங்கே தென்பட்டால் அப்போதே முறையிடலாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்ப்பது நன்று.

ஐந்தாவது, எண்ணை மாற்றுவதாயின், பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே எல்லாக் கணக்கிலும் புதிய எண்ணைப் பதிந்துவிட வேண்டும். புது வீடு பார்த்துப் பால் காய்ச்சிய பிறகுதானே பழைய வீட்டுச் சாவியைக் கொடுக்கிறோம்!

“இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே” என்பார் நம் பாட்டிமார். இணைய எண் நல்ல இரவல்தான். உடுத்தலாம், ஊருக்குப் போகலாம். ஆனால் நம்முடையது எது, பிறருடையது எது என்ற கணக்கு மனத்தில் இருக்க வேண்டும். நமக்கு இது படித்துத் தெரிந்துவிடும். எண்ணைத் தொலைத்துவிட்டு, தம் உழைப்பின் பணத்துக்காகக் கணிப்பொறிக் கடை வாயிலில் நிற்போர்க்கு யார் சொல்வது? விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்கள், வீட்டில் உள்ள பெரியவர்களின் ஆதாரில் எந்த எண் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கால் மணி நேர வேலை. பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.